வெளிறிய இலையும் வழிதவறிய வேரும்

எங்கள் நிலையத்தில் இப்போது முளைகளைக் கமரா எண்ணுகிறது. முளைத்த விதைகள் கிடக்கும் ஈரத்தாளை விரித்து ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் வைத்தால், மேலிருந்து படம் எடுத்து, எது நல்ல முளை, எது குறை முளை என்று கணினி பிரித்துச் சொல்கிறது. பெட்டிக்குச் சந்தேகம் வரும் முளைகளை மட்டுமே மனிதர் பார்க்கிறார்கள். அதற்கும் பயிற்சி வேண்டும் என்பதால், புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு கைந்நூல் தயாராகிறது. அதற்கு என் அனுபவத்தை எழுதித் தரும்படி ஆய்வு அலுவலர் ஷர்மிளா கேட்டார். அவர் உடப்பைச் சேர்ந்தவர். நான் ஓய்வுபெறுவதற்குச் சற்று முன்பு பயிலுநராக வந்தவர்.

"உங்கட கண் எப்பிடிப் பழகிச்சு எண்டு எழுதுங்க சேர். பெட்டிக்கு அது தெரியாதுதானே" என்றார்.

கண் பழகிய கதை சிறியது. பழகிய கண் கண்டதை வாய் எப்படி மாற்றிச் சொன்னது என்பதுதான் நான் எழுத வேண்டிய கதை. கைந்நூலுக்கு அது பொருந்தாது என்று அவர்கள் நினைத்தால் விட்டுவிடலாம் என்று ஷர்மிளாவிடம் முன்னதாகவே சொல்லியிருக்கிறேன்.

நான் கண்டக்குழிக்காரன். தகப்பனார் கரைவலைக்காரர். எங்கள் வீட்டில் கடலுக்குப் போகாமல் படிக்கப் போன முதலாள் நான். தாவரவியலில் பட்டம் பெற்று, மலைநாட்டில் குளிரில் நடுங்கியபடி ஒரு வருடம் விதைப் பரிசோதனை பயின்று, புத்தளத்துக்கு நியமனம் கிடைத்து வந்தேன். பயிற்சிக்காலத்தைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நான் தொழிலைப் படித்தது ஜயசேகர சேரிடம்தான்.

அவர் சிலாபத்துச் சிங்களவர். தமிழை எங்களைப் போலவே பேசுவார். மெலிந்த மனிதர். மேசையில் சாமணம் இருந்தாலும் முளையைத் தூக்க அவர் பாவித்தது சீவிய தென்னை ஈர்க்கு. இரும்பு பட்டால் வேர் நசியும், பிறகு அது விதையின் குறையா கையின் குறையா என்று தெரியாது என்பார். நான் சேர்ந்த முதற்கிழமை, மத்தியானச் சோறு சாப்பிட்டுவிட்டு வந்து முளைகளை எண்ணத் தொடங்கினேன். அவர் தாளை மெதுவாக என் முன்னிருந்து இழுத்து மூடினார்.

"சாப்பிட்ட பிறகு எண்ணாதீங்க சவிரிமுத்து. வயிறு நிறைஞ்சா கண்ணுக்கு இரக்கம் வந்துரும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் நிலையத்தில் எண்ணும் வேலை காலையில் மட்டும் நடந்தது.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. முக்கியமான கேள்வியை முதலில் தமிழில் கேட்பார். பதிலைக் கேட்டுக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அதே கேள்வியைச் சிங்களத்தில் கேட்பார். ஆளை மடக்குவதற்காக அல்ல. ஒரு மொழியில் வழக்கமாக வாயில் வரும் பதில் இன்னொரு மொழியில் வர ஒரு கணம் தாமதமாகும், அந்தக் கணத்தில் மனிதன் யோசிப்பான் என்பது அவருடைய நம்பிக்கை.

எங்கள் வேலை என்ன என்பதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விவசாயிகள் சங்கங்கள் விதைக்கென்று வளர்த்த நெல், பயறு, கௌபி, நிலக்கடலை முதலியவற்றின் மாதிரி எங்களிடம் வரும். ஈரத்தாளில் விதைகளை வரிசையாக அடுக்கி, மேலே இன்னொரு தாளை மூடி, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, இறப்பர் வளையம் போட்டு, வாளியில் நிமிர்த்தி வைப்போம். மேற்பக்கம் எது என்று தெரிய ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு. புத்தளத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. ஆகவே தாள் நனைப்பதற்குக் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்திருந்தோம். சில நாள் கழித்துச் சுருளை விரித்தால் தண்டு மேல்நோக்கியும் வேர் கீழ்நோக்கியும் வளர்ந்திருக்கும். அவை இயல்பான முளைகள். ஒடிந்தவை, அழுகியவை, பச்சை பிடிக்காமல் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ நிற்பவை, வேர் கீழே போக மறுப்பவை எல்லாம் இயல்பற்றவை. இயல்பற்றவை அளவுக்கு மிஞ்சினால் அந்தத் தொகுதி விதையாகப் போகாது. உணவுக்கு விற்கலாம். விலை பாதியும் வராது.

வெளிறிய முளைக்கு ஒரு நிரல். வேர் வழிதவறிய முளைக்கு இன்னொரு நிரல். அப்படித்தான் பதிவோம். ஒரே முளை இரண்டு குறையும் கொண்டிருந்தால், கண்ணில் பெரிதாகப் படும் குறையின் கீழ் அதை எழுதுவது வழக்கம். அந்த வழக்கத்தைப் பற்றி நான் ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை.

ரபீக்கா எங்கள் ஆய்வுகூட உதவியாளர்களில் ஒருவர். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து தாய் தகப்பனோடு சிறுமியாகப் புத்தளத்துக்கு வந்து, முகாமில் வளர்ந்து, அங்கிருந்தே உயர்தரம் படித்தவர். அவரும் சிலாபத்துப் பையன் ஒருவனும் தற்காலிக நியமனத்தில் இருந்தார்கள். நிரந்தரப் பதவி ஒன்றுதான் வரவிருந்தது. ரபீக்காவின் கை சுத்தமானது. அவர் அடுக்கிய விதை வரிசை நூல் பிடித்ததுபோல் இருக்கும். "பிள்ளை தையல் படிச்சவளா?" என்று ஜயசேகர சேர் கேட்டிருக்கிறார். "இல்ல சேர், முகாமில தண்ணிக்கு லைன் நிண்டு படிச்சது" என்றார் அவர். அந்தப் பதிலை ஜயசேகர சேர் வருகிற அலுவலர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

எலுவன்குளத்திலிருந்து ஒரு பயற்றுத் தொகுதி வந்தது அந்தக் காலத்தில்தான்.

அந்த ஊர் வில்பத்துக் காட்டோரம். முந்திய போகத்தில் யானை நெல்லை மிதித்துவிட்டது. குளத்தில் மீதமிருந்த தண்ணீரை வைத்துச் சங்கத்தார் பயறு போட்டு, விதைக்கென்று பொறுக்கி எடுத்திருந்தார்கள். சங்கத் தலைவர் குணபால மாதிரியோடு தானும் வந்தார். முடிவு இன்று வராது, போய் வாருங்கள் என்று சொன்னேன். போனார். முடிவு நாளில் விடியவே வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். எதுவும் கேட்கவில்லை. நான் உள்ளே போகும்போது எழுந்து நின்றார், அவ்வளவுதான்.

அன்று ஜயசேகர சேர் கூட்டமொன்றுக்காகக் குருநாகல் போயிருந்தார். சுருள்களை நான் விரித்தேன். முதற்சுருளில் ஒன்றும் விசேடமில்லை. இரண்டாவதில் சில வேர்கள் பக்கவாட்டில் போயிருந்தன. மூன்றாவதைத் திறந்தபோது கை நின்றுவிட்டது. நேராகக் கீழே இறங்கிய வேர்களுக்கிடையில் சில வேர்கள் வலப்பக்கம், சில இடப்பக்கம், ஒன்றிரண்டு மேல்நோக்கியே ஏறியிருந்தன. எறும்பு வழியை இழந்தால் எப்படி அலையுமோ அப்படி. அலைந்த முளைகளில் பெரும்பாலானவற்றின் இலையும் வெளிறியிருந்தது. நான் அதையும் பார்த்தேன். பார்த்து, இரண்டு வேறு குறை என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

முதலில் தண்ணீரைச் சந்தேகித்தேன். தொட்டி வற்றும் நேரத்தில் யாராவது கிணற்று நீரைக் கலந்திருப்பார்களோ? ஆனால் அதே தண்ணீரில் நனைத்த வேறு ஊர்ப் பயறு நேராக வளர்ந்திருந்தது. பூஞ்சணம் இல்லை, நாற்றமும் இல்லை. களைகொல்லி பட்ட வேர் தடித்துக் குறுகியிருக்கும். இவை மெலிந்து நீண்டிருந்தன.

பிறகு அயடீன் எடுத்தேன். வேரின் நுனியில் மாப்பொருள் மணிகள் நிறைந்த கலங்கள் உண்டு. வேர் எப்படிக் கிடந்தாலும் அந்த மணிகள் கலத்தின் அடிப்பக்கத்துக்கு இறங்கிக் கிடக்கும். எது கீழ் என்பதை வேர் அதைக்கொண்டுதான் அறிகிறது என்று படித்திருக்கிறோம். அலைந்த வேர்களின் நுனியைச் சவர அலகால் நெடுக்காகச் சீவி, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். மணிகள் கருநீலமாக, ஒழுங்காக, அடியில் இறங்கியிருந்தன. எனக்குத் தெரிந்த பாடத்தின்படி அந்த வேர் கீழே போயிருக்க வேண்டும். போகவில்லை. அப்படியானால் விதையில் குறையில்லை, வைத்தவர் பிழை என்று ஒரு எண்ணம் வந்தது. அது எனக்கு வசதியான எண்ணமாகவும் இருந்தது.

இடையில் ஒருநாள் மின்சாரம் நின்று, சுருள்களையெல்லாம் வாளிகளோடு அடுத்த அறைக்கு மாற்றி மறுபடி கொண்டுவந்திருந்தார்கள். மாற்றியவர் ரபீக்கா. கூப்பிட்டுக் கேட்டேன்.

"கோடு மேலதான் சேர் இருந்திச்சு. நான் பாத்துத்தான் வெச்ச."

"எல்லாமா?"

கொஞ்சம் யோசித்தார். "எல்லாம் எண்டுதான் நினைக்கிறன் சேர்."

அந்த "நினைக்கிறன்" எனக்குப் போதுமாக இருந்தது.

ஆனால் நான் இங்கே அயடீனுக்குப் பின்னால் ஒளிய முடியாது. ஒரு சுருளைக் கவிழ்த்து வைத்தால் அதிலுள்ள எல்லா வேர்களும் ஒரே பக்கமாகத் தூண்டில் முள்போல் வளையும். சில வளைந்து, சில நேராக நிற்க வழியே இல்லை. பானையைக் கவிழ்த்தால் பாதித் தண்ணீர் உள்ளே நிற்பதில்லை. இந்தத் தொழிலில் முதல் மாதத்திலேயே படிக்கும் பாடம் இது. ஒரே தாளில் நேர் வேரும் அலைந்த வேரும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்ததை நான் கண்ணால் கண்டேன். யாரும் கவிழ்க்கவில்லை என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும்.

தெரிந்தும் ஏன் மாற்றிச் சொன்னேன்? எங்கள் விதிப்படி விதையில் குறையென்றால் தொகுதி தோல்வி. அதற்கு மறுபரிசோதனை இல்லை. பரிசோதித்தவர் பிழையென்றால் புதிய மாதிரி எடுத்து மறுபடி பார்க்கலாம். நான் வெளியே எட்டிப் பார்த்தேன். குணபால படியில் உட்கார்ந்து காய்ந்த பாண் துண்டைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். ஒரு வரி எழுதினால் இந்த மனிதர்கள் பிழைப்பார்கள் என்று தோன்றியது. அந்த வரியால் ரபீக்காவுக்கு ஒரு கண்டிப்பு வரும், அதோடு போய்விடும் என்று கணக்குப் போட்டேன். ஒரு பக்கம் ஊர், மறு பக்கம் ஒரு கண்டிப்பு. தராசு எப்பக்கம் சாயும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குணபாலவிடம் போய் "பயப்பட வேண்டாம், திரும்பப் பார்க்கலாம்" என்று சொன்னபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

"சுருள்கள் இடமாற்றத்தின்போது தலைகீழாக வைக்கப்பட்டமையால் முடிவு செல்லாது. உதவியாளரின் கவனக்குறைவு" என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

சந்தேகமான சுருள்களை மேலதிகாரி பார்க்கும்வரை வைத்திருக்க வேண்டும். நான் அவற்றைப் பசளைக் குழியில் போட்டேன். பூஞ்சணம் பரவும் என்று ஒரு காரணமும் தயாராக வைத்திருந்தேன்.

மறுநாள் ஜயசேகர சேர் வந்து வாசித்தார். சுருள்களைக் கேட்டார். காரணத்தைச் சொன்னேன். சற்று நேரம் ஈர்க்கை விரலிடையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லா வேரும் ஒரே பக்கமா வளைஞ்சிருந்ததா?"

"ஓம் சேர்."

கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். மாட்டிக்கொண்டு அதையே சிங்களத்தில் கேட்டார். யோசிப்பதற்கு அவர் எனக்குத் தந்த அந்தக் கணத்தை நான் வீணாக்கினேன். சிங்களத்திலும் ஓம் என்றேன்.

புதிய மாதிரியை நானே எலுவன்குளம் போய் எடுத்தேன். எந்த மூட்டையிலிருந்து எடுப்பது என்று சங்கத்தார் காட்டிய இடத்திலிருந்து எடுத்தேன். தேர்ச்சி பெற்றது. பயறு விதையாகப் போயிற்று. அடுத்த போகத்தில் இரண்டொரு வயலில் அங்கங்கே வெளிறிய நாற்றுகள் தோன்றிச் செத்ததாகக் கேள்விப்பட்டேன். உவர் நிலம் என்று சொல்லிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

நிரந்தரப் பதவி சிலாபத்துப் பையனுக்குப் போனது. ரபீக்காவின் நியமனம் முடிந்ததும் புதுப்பிக்கப்படவில்லை. கடைசி நாளில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு என்னிடமும் வந்தார். "போயிட்டு வாறன் சேர். என்னால உங்களுக்குக் கரைச்சலாப் போச்சு" என்றார். நான் பரவாயில்லை என்று சொன்னேன். பரவாயில்லை என்று சொன்னேன் என்பதை எழுதும்போது இப்போதும் பேனா தயங்குகிறது.

அதன்பிறகு நீண்ட காலம் வேலை செய்தேன். ஜயசேகர சேர் ஓய்வுபெற்று, சில ஆண்டுகளில் காலமானார். அவர் இடத்துக்கு நான் வந்தேன். நல்ல பெயரோடு ஓய்வுபெற்றேன். தவக்காலம்தோறும் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். இதை ஒருமுறையும் சொன்னதில்லை. மறைக்கவில்லை. இது பாவங்களின் வரிசையில் வருமென்று எனக்குத் தோன்றவேயில்லை. தொழிலில் எடுத்த ஒரு முடிவு என்றே வைத்திருந்தேன்.

கமராப் பெட்டியைப் பார்க்கப் போன நாளில் ஷர்மிளா தேநீர் தந்து, தன் மேற்படிப்பில் எடுத்த படங்களைக் காட்டினார். ஒரு படத்தில் வெளிறிய சிறு நாற்றுகள். வேர்கள் அங்குமிங்கும் அலைந்திருந்தன. இது யார் வைத்த பிழை என்று கேட்டேன்.

"ஒருத்தரும் பிழை வைக்கல்ல சேர். இது ஒரு பரம்பரையலகுக் குறை."

அவர் விளக்கியதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். இலையைப் பச்சையாக்கும் பச்சையவுருமணியும், வேர்நுனியில் மாப்பொருள் சுமக்கும் மணியும் ஒரே வகைச் சிறு உருமணியிலிருந்து வளர்பவை. இலையில் பிறந்தால் பச்சை, வேரில் பிறந்தால் மாப்பொருள். அவை வளர வேண்டிய புரதங்களில் பெரும்பங்கு அவற்றுக்குள்ளே ஆவதில்லை. வெளியே கலத்தில் ஆகி, உருமணியின் உறையிலுள்ள வாசல்கள் வழியாக உள்ளே போக வேண்டும். அந்த வாசல்களும் புரதங்களால் கட்டப்பட்டவையே. ஒரு வாசற்புரதம் பழுதானால் உள்ளே போக வேண்டியவை சரியாகப் போகா. இலையில் உருமணி முற்றாமல் நின்று இலை வெளிறும். அதே பழுது வேரிலும் இருப்பதால் வேர் கீழ்த்திசையை இழக்கும். இலையும் வேரும் வேறு வேறு நோயில் விழவில்லை. ஒரே வாசல் இரண்டு இடத்தில் பழுதாகியிருக்கிறது.

நான் அயடீனை நினைத்தேன். "அப்ப வேர்நுனியில மாப்பொருள் அடியில இறங்காதா?" என்று கேட்டேன்.

"சிலதில நல்லா இறங்கும் சேர். அதுதான் புதினம். மாப்பொருள் கல்லு மாதிரி அடியில கிடக்கும். கிடக்கு எண்டு சொல்ல வேண்டிய ஆள் சொல்லாது. இடையில எங்க தடைப்படுது எண்டு இன்னும் முழுசாத் தெரியா."

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொன்னார். தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வரும் இரண்டு பிரதியும் பழுதானால்தான் நாற்று வெளிறும். ஒன்று மட்டும் பழுதானது பச்சையாக, நேராக வளரும், ஆனால் பழுதை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும். அப்படியானால் எலுவன்குளத்துப் பயற்றில் நல்லதென்று நான் அனுப்பியவற்றுக்குள்ளும் அது போயிருக்கலாம். அந்தப் பயற்றுக்கு இதே குறைதான் இருந்தது என்று நான் நிரூபிக்க முடியாது. சுருள்களைக் குழியில் போட்டவன் நானே. ஆனால் ரபீக்கா கவிழ்க்கவில்லை என்பதை அறிய இந்தப் புதிய அறிவு எனக்குத் தேவைப்பட்டதில்லை. அது எனக்கு அன்றே தெரியும். ஷர்மிளா காட்டிய படம் புதிதாக எதையும் சொல்லவில்லை. நான் வைத்திருந்த சாக்குப்போக்கை மட்டும் பிடுங்கிக்கொண்டது.

ரபீக்கா இருக்கும் இடத்தை ஷர்மிளாதான் விசாரித்துத் தந்தார். புத்தளத்துக்கு வெளியே, உப்பளங்களைத் தாண்டிய ஒரு குடியிருப்பு. அஸர் தொழுகைக்குச் சற்று முன் போனேன். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். முதலில் என்னைத் தெரியவில்லை. தெரிந்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கதிரையைத் துடைத்துப் போட்டார். பிள்ளைகள் எத்தனை, நான் எங்கே இருக்கிறேன், மனைவி சுகமா என்று கேட்டார். இறால் பண்ணையொன்றில் தீன் நிறுக்கும் வேலையில் பல வருடம் இருந்து இப்போது வீட்டோடு இருப்பதாகச் சொன்னார். நான் தேநீர் வருமுன் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். சொன்னேன். சுற்றிவளைக்கவில்லை.

அவர் கேட்ட கேள்வி ஜயசேகர சேர் கேட்கக்கூடியது.

"மத்த வேரெல்லாம் நேரா இருந்திச்சா?"

"ஓம்."

"ஒரே தாள்ல?"

"ஒரே தாளில."

"அப்ப எப்பிடி சேர் நான் கவுத்திருக்க ஏலும்?"

"ஏலாது."

"அது உங்களுக்கு அண்டைக்கே தெரியும்."

"தெரியும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எலுவன்குளத்து ஆட்களுக்கு விதை போனதா என்று கேட்டார். போனது என்றேன். "அப்ப ஒரு கொத்துப் பயறாவது கொண்டந்து தந்திருக்கலாம்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். அதற்குள் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஜயசேகர சேர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டவர், தெரியுமா? நல்லா யோசிச்சுச் சொல்லு, நீ கவுத்து வெச்சியா எண்டு. தமிழிலயும் கேட்டார், சிங்களத்திலயும் கேட்டார். எனக்கு அப்பிடி வெச்ச ஞாபகம் இல்ல. ஆனா சவிரி சேர் பாத்துச் சொல்லியிருக்கிறார், அவர் பிழையாச் சொல்ல மாட்டார் எண்டு நினைச்சன். ஓம் சேர், நான்தான் வெச்சிருப்பன் எண்டு சொல்லிட்டன். மன்னிப்பும் கேட்டன்."

இது எனக்குத் தெரியாது. ஜயசேகர சேர் என்னை நம்பிவிட்டார் என்றுதான் இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். அவர் நம்பியிருக்கவில்லை. மற்ற ஆளிடமும் கேட்டிருக்கிறார். என் பொய்க்கு ரபீக்காவே சாட்சி சொன்னதால்தான் அதை விட்டிருக்கிறார்.

அந்த நேரம் அவருடைய கணவர் நஸீர் பள்ளிவாசலிலிருந்து வந்தார். லொறி ஓட்டி ஓய்ந்தவர். யாரென்று கேட்டார். "சேருக்கு ஒரு கதை இருக்கு, உங்களுக்கும் சொல்லுவார்" என்றார் ரபீக்கா. நான் இரண்டாம் முறையும் சொன்னேன். முதல்முறையைவிட அது கடினமாக இருந்தது.

நஸீர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டார். கோபிக்கவில்லை.

"இவ அடுப்ப அணைச்சிட்டு ரெண்டாந்தரம் எழும்பிப் போய்ப் பாப்பா" என்றார். "கதவப் பூட்டினா திரும்பிப் போய் இழுத்துப் பாப்பா. பண்ணையில ஒரு தரம் நிறுத்த தீன மறுபடி நிறுப்பா, சுணங்குது எண்டு முதலாளி ஏசுவான். நான் கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து பாக்கிறன். பொறப்புக் குணமாக்கும் எண்டு நினைச்சன்."

"பொறப்புக் குணம் இல்ல" என்றார் ரபீக்கா, அவரைப் பார்க்காமல்.

என்னை மன்னித்துக்கொள்ளும்படி கேட்டேன். நான் கேட்பேன் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"மன்னிக்கிறது அல்லாஹ்ட வேலை சேர். எனக்கு இப்ப சொல்லத் தெரியா. நீங்க ஏதோ எழுதப்போறீங்க எண்டு சொன்னீங்களே, அதில இதை எழுதுங்க. பேரப் போட்டு எழுதுங்க. என்ட பேரையும் உங்கட பேரையும். அச்சில போக முதல் எனக்கு வாசிச்சுக் காட்டணும்."

தேநீர் வந்தது. குடித்தேன். மழை வருமா என்பது பற்றி நஸீர் கதைத்தார்.

இதை எழுதி முடித்ததும் தொலைபேசியில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில் நான் இப்படித் திருத்தம் எழுதியிருந்தேன்: "எலுவன்குளத்துப் பயற்றுச் சுருள்கள் தலைகீழாக வைக்கப்படவில்லை. அவற்றை வைத்த தற்காலிக உதவியாளர் ரபீக்கா தம் வேலையைச் சரியாகச் செய்தார். பிழையான குறிப்பை எழுதியவன் சவிரிமுத்து ஆகிய நான்."

ஒரு சொல் சரியில்லை என்றார். எது என்று கேட்டேன்.

"தற்காலிக எண்டது. நியமனம் அப்பிடித்தான் இருந்திச்சு, பொய்யில்ல. ஆனா அந்த வேலைய நான் தற்காலிகமாச் செய்யல்ல சேர்."

சரியான திருத்தம் இதுதான்: எலுவன்குளத்துப் பயற்றுச் சுருள்கள் தலைகீழாக வைக்கப்படவில்லை. அவற்றை வைத்த ஆய்வுகூட உதவியாளர் ரபீக்கா தம் வேலையைச் சரியாகச் செய்தார். பிழையான குறிப்பை எழுதியவன் சவிரிமுத்து ஆகிய நான்.